ஆபரேஷனுக்குக் கடன்: காத்திருக்கும் கடனும் கதவைத் தட்டும் கடனும்

அப்பாவின் வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. ஈரோட்டில் முப்பது வருஷமாக இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை. கடைசி இரண்டு வருஷமாக வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஆச்சரியம் பில்லிங் கவுன்ட்டரில் கொடுத்த ஒற்றைத் தாளில் இருந்தது: ஒரு முட்டிக்கு 1,95,000 ரூபாய்.

தாளை நீட்டிய கையோடு அந்தப் பெண் சொன்னார்: "ஈ.எம்.ஐ. வசதி இருக்கு சார். ஆதார், பான் இருந்தா பத்து நிமிஷத்துல அப்ரூவல் வந்துடும். வட்டி கிடையாது." பக்கத்தில் அப்பா தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், யாராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடத்தான் தோன்றும். எங்களுக்கு நல்லவேளை, முட்டி என்பதால் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போட முடிந்தது. தாளை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்து, பழைய டைரியில் ஒவ்வொரு கடனையும் ஒவ்வொரு பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கங்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில், கடனே வேண்டாமா என்று பார்த்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிறது. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அப்பாவின் வருமானம் மட்டும் என்றால் தாராளமாக உள்ளே வந்துவிடுவார். ரேஷன் கார்டில் என் பெயரும் இருக்கிறது, எனக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சம்பளம். முடிந்தது கதை. உங்கள் வீட்டில் இப்படி இல்லை என்றால், கடனைப் பற்றி யோசிக்கும் முன் 104-க்கு போன் செய்து, நீங்கள் போகும் மருத்துவமனையும் செய்யப்போகும் சிகிச்சையும் பட்டியலில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். மருத்துவமனை பட்டியலில் இருக்கும், அந்த ஆபரேஷன் இருக்காது.

தனியார் பாலிசி ஒன்றும் இருந்தது, எட்டு மாதத்துக்கு முன் எடுத்தது. முட்டி மாற்றுக்கு இரண்டு வருஷம் காத்திருப்புக் காலம் என்று அதன் பொடி எழுத்தில் இருந்தது.

அடுத்து, எவ்வளவு கடன் என்பது. எஸ்டிமேட்டில் உள்ள தொகைதான் தேவைப்படும் தொகை என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஆபரேஷனுக்கு முந்திய டெஸ்டுகள், ஸ்கேன் 8,000. வாக்கரும் வீட்டுக்கு வந்தபின் மருந்தும் 8,000. பிசியோதெரபிக்கு ஆள் வீட்டுக்கு வர ஒரு தடவை 500 என்று முப்பது தடவை, 15,000. அப்புறம், முட்டி மாற்றியவர் குந்தி உட்காரக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்ததோ இந்தியன் டாய்லெட். அதை உடைத்து வெஸ்டர்ன் வைக்கக் கொத்தனார் கூலியோடு 14,000. எல்லாம் சேர்த்து 2,40,000. கையில் 40,000 இருந்தது. ஆக, 2 லட்சம்.

எந்தக் கடன் என்று கேட்டால் எல்லோரும் முதலில் வட்டி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு பக்கம் எழுதிய பிறகுதான் வேறொன்று உறைத்தது. அப்பா மூன்று மாதம் வண்டியைத் தொட முடியாது. அந்த மூன்று மாதம் வீட்டில் ஒரு வருமானம் குறையும், செலவு கூடும். அதே மூன்று மாதத்தில் தவணை கேட்டு வந்து நிற்கும் கடன் ஒரு ரகம். வட்டி ஏறினாலும் பேசாமல் காத்திருக்கும் கடன் இன்னொரு ரகம். சம்பாதிக்கிறவரே படுக்கையில் கிடக்கும் வீட்டுக்கு, ஒன்றிரண்டு சதவீத வட்டி வித்தியாசத்தைவிட இது பெரிய விஷயம்.

நகைக்கடன்

காத்திருக்கும் ரகத்தில் முதலாவது இதுதான். பொதுத்துறை வங்கியில் 10 சதவீத வட்டிக்கு 2 லட்சம் என்று வையுங்கள். மாதம் 1,667 ரூபாய் வட்டி ஓடும். ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் திட்டத்தில், மூன்று மாதம் ஒன்றுமே கட்டாவிட்டால் கூடுவது 5,000. யாரும் போன் செய்ய மாட்டார்கள். சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்) கேட்டு உங்களைத் திருப்பி அனுப்புவதும் அபூர்வம். அவர்களுக்கு நகைதான் ஜாமீன். இடையில் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கையில் வந்ததைக் கட்டலாம், அன்றிலிருந்து வட்டி குறையும்.

ஆனால் எவ்வளவு நகை வேண்டும் என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோருக்கும் நடைமுறைக்கு வர வேண்டியவை. அதன்படி இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், அசலோடு வரப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 85-ஐப் பார்ப்பார்கள். அதாவது 2 லட்சத்துக்கு வருட வட்டி 20,000 சேர்த்து 2,20,000. அதற்கு ஏறக்குறைய 2,59,000 மதிப்புள்ள தங்கம் வேண்டும். மதிப்பு என்பதும் கடைக்காரர் போட்ட பில் இல்லை. கல்லும் அரக்கும் கழித்து, தங்கத்தின் எடைக்கு மட்டும், அதன் தரத்துக்கு (எத்தனை காரட்டோ அதற்கு) உரிய விலையை வைத்து, அதுவும் முந்தைய 30 நாள் சராசரி, நேற்றைய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். அம்மாவின் கல் வைத்த தோடுகளை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துவிட்டு எழுதிய எடையைப் பார்த்து அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

வங்கிக்கும் நகைக்கடன் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் கவுன்ட்டரில் தெரியாது, ரசீதில் தெரியும். கம்பெனியில் அரை மணியில் பணம் வரும். வங்கியில் மதிப்பீட்டாளர் வரும் நாளுக்குக் காத்திருக்க நேரலாம். கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் குறைந்த வட்டி, பல திட்டங்களில், மாதாமாதம் வட்டியைத் தவறாமல் கட்டுகிறவருக்கு. தவறினால் படிப்படியாக ஏறி 20 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. காத்திருக்கும் கடன் என்று நம்பிப் போய், கதவைத் தட்டும் கடனோடு திரும்பி வருவது இப்படித்தான். "மூணு மாசம் ஒண்ணும் கட்டலைன்னா என்ன வட்டி?" என்று கேளுங்கள். வாயால் சொல்வதை விட்டுவிட்டு, தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, கம்பெனிகள் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக் கூடாது. மீதி கணக்கில்தான் வரும். மருத்துவமனையும் ஒரு சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஆக, பையில் பணத்தைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

யார் பெயரில் அடகு வைப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. என் அத்தை வீட்டில் நடந்தது: நகை அத்தையுடையது, அதனால் கடனும் அத்தை பெயரில். மாமாவின் சிகிச்சைக்கு வாங்கியது. ஆறாவது மாதம் அத்தைக்கே பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது. மீட்கப் போன மகனிடம், கடன்தாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள் கிளையில். கடிதம், மருத்துவச் சான்று, ரேகை என்று இரண்டு மாதம் அலைந்தான். அந்த இரண்டு மாதமும் வட்டி ஓடியது. வீட்டில் யார் நடமாடிக்கொண்டிருப்பாரோ அவர் பெயரில் வைப்பது நல்லது. (பணம் முழுக்கக் கட்டியபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்பி வராமல், தவறும் அவர்களுடையது என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று புதிய விதி சொல்கிறது.)

வருட முடிவில் வேறொரு வேடிக்கை உண்டு. வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்க முடியாது, அசலையும் கட்டிவிட்டு மறுநாள் புதிதாக வை என்று வங்கிகள் கண்டிப்புக் காட்டிய சமயத்தில், அந்த ஒரு ராத்திரிக்காக வெளியில் வட்டிக்கு வாங்கியவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். இப்போது, சேர்ந்த வட்டியைக் கட்டி, மதிப்பும் வரம்புக்குள் இருந்தால் புதுப்பிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆனாலும் பதினோராவது மாதமே கிளையில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. ஏலம் வரை போனால், தொடக்க விலை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது (இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85), மிச்சம் உங்களுக்குத்தான் என்றெல்லாம் பாதுகாப்பு இருக்கிறது. அந்த மிச்சப் பணத்தை வைத்து அதே வளையலை வாங்க முடியாது என்பது வேறு விஷயம்.

கூட்டுறவு சங்கத்தில் வைத்தால் தள்ளுபடி வரும் என்று ஒரு கணக்கு நம் ஊரில் எப்போதும் உண்டு. 2021-ல் 5 பவுன் வரை தள்ளுபடி வந்தது உண்மை, அதுவும் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு. அடுத்தது எப்போது என்று காத்திருந்து வட்டியை ஏற விட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

கவுன்ட்டரில் கிடைக்கும் ஈ.எம்.ஐ.

வட்டி கிடையாது என்ற வார்த்தையைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. கணக்குக்காக பில்லை 2 லட்சம் என்றே வைப்போம்: 12 தவணை, மாதம் 16,667. கூட்டினால் அதே 2 லட்சம்தான். அப்படியென்றால் நிதி நிறுவனம் தர்மத்துக்கா நடத்துகிறது? அதன் வட்டியை மருத்துவமனை தன் பில்லிலிருந்து கழித்துக் கொடுக்கிறது. நம்மிடம் செயல்முறைக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள்; 2 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி. சேர்த்து 4,720.

அதனால் அடுத்த நாள் கவுன்ட்டரில் போய் வேறு மாதிரி கேட்டேன்: "ஈ.எம்.ஐ. வேண்டாம், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?" மேனேஜரிடம் கேட்டுவிட்டு வந்து 5 சதவீதம் என்றார்கள். 2 லட்சத்துக்கு அது 10,000. ஈ.எம்.ஐ.யில் போனால் அந்தப் பத்தாயிரத்தையும் 4,720-ஐயும் இழக்கிறோம். கையில் கிடைத்தது உண்மையில் 1,85,280, திருப்பிக் கட்டுவது 2 லட்சம். வருட வட்டியாக மாற்றினால் 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி இல்லாத கடன் நகைக்கடனைவிட விலை கூடியதாகிவிட்டது. சில இடங்களில் இரண்டு தவணையை முன்பணமாகவே பிடித்துக்கொள்வார்கள். அப்போது கணக்கு இன்னும் மோசம்.

தள்ளுபடி தரவே மாட்டேன் என்று மருத்துவமனை உறுதியாகச் சொன்னால் மட்டும் இந்த ஈ.எம்.ஐ. நிஜமாகவே மலிவு. ஆனால் அப்போதும் முதல் மாதத்திலிருந்தே 16,667 வேண்டும். அப்பா வாக்கரில் நடக்கப் பழகும் மாதத்தில்.

தனிநபர் கடனும் கார்டும்

நகை இல்லை, நிரந்தரச் சம்பளம் இருக்கிறது என்பவர்களுக்குத் தனிநபர் கடன்தான் அடுத்த வழி. 14 சதவீதத்தில் 2 லட்சம், இரண்டு வருஷம்: மாதம் 9,600, வட்டி மட்டும் மொத்தம் 30,500 வரும். கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் 4,720 முதலிலேயே கழித்துக்கொள்ளப்படும் என்பதால் கணக்கில் விழுவது 1,95,280தான். மருத்துவமனைக்கு 2 லட்சம் கட்ட வேண்டியவர் 2 லட்சத்துக்கு விண்ணப்பித்தால், நாலாயிரத்துச் சொச்சத்துக்குக் கடைசி நாளில் கைமாத்து தேட வேண்டியதுதான்.

2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு எல்லாக் கட்டணத்தையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தைக் காட்டும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் தந்தாக வேண்டும். இரண்டு கடனை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். வட்டிக்கு அடுத்தபடி அதில் தேட வேண்டியது, முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம் என்பது. காப்பீட்டுப் பணமோ போனஸோ வரும் என்று எதிர்பார்ப்பவருக்கு அதுதான் முக்கியம். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லை என்றால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம், அப்புறம் சிபிலிலும் ஒரு கறை.

கிரெடிட் கார்டைப் பற்றி ஒரே கணக்கு சொல்கிறேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 2 லட்சத்துக்கு 7,000, அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,260. "மினிமம் டியூ" என்று குறைந்தபட்சமாகக் கேட்கும் 10,000 மட்டும் கட்டினால் அசலில் குறைவது 1,740 ரூபாய். இருந்தாலும் நள்ளிரவில் நெஞ்சுவலி என்று ஓடுகிறவருக்குக் கார்டை மாதிரி உதவுவது வேறில்லை. அட்வான்ஸைக் கார்டில் தேய்த்துவிட்டு, கார்டு பில் கட்ட வேண்டிய தேதிக்குள் நகைக்கடனோ வேறு கடனோ வாங்கி மொத்தமாக அடைத்துவிட்டால் ஒரு ரூபாய்கூட வட்டி இல்லை. அந்தத் தேதியைச் சுவர் காலண்டரில் எழுதி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் பணத்தை நாமே கேட்பது

இதைக் கடைசியாகத்தான் யோசித்தேன். முதலில் யோசித்திருக்க வேண்டும். பி.எஃப்.-ல் மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்க நெடுநாளாகச் சேவைக்கால நிபந்தனை இருந்ததில்லை, பெற்றோருக்காகவும் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நெடுநாளாக இருந்த விதி, ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது நம் பங்கும் அதன் வட்டியும், இரண்டில் எது குறைவோ அது. 2025 அக்டோபரில் பணம் எடுக்கும் விதிகளைச் சுருக்கி எளிமையாக்க பி.எஃப். வாரியம் முடிவெடுத்தது. அதனால் எத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், உங்களுக்கு எவ்வளவு வரும் என்பதை விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்துக்கொண்டிருந்த 8.25 சதவீத வட்டிதான் நமக்கு நஷ்டம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரே எதிரி இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பி.எஃப்.-ல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயரே முழுசாக. எனக்கு அதைச் சரிசெய்யப் பன்னிரண்டு நாள் ஆனது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போது செய்து வைக்க வேண்டிய வேலை அது.

எல்.ஐ.சி. பாலிசி சில வருஷம் ஓடியிருந்தால் சரண்டர் மதிப்பில் (பாலிசியை இன்றே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகையில்) 90 சதவீதம் வரை கடன் உண்டு. டெர்ம் பாலிசிக்குக் கிடையாது. இதுவும் காத்திருக்கும் ரகம். வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தால் அதை உடைக்காமல், அதன் வட்டிக்கு மேல் ஒன்றிரண்டு சதவீதத்தில் கடன் வாங்கலாம்.

வட்டிக்காரரும் சொந்தக்காரரும்

மண்டித் தெருவில் நூத்துக்கு மூணு வட்டி. கேட்கச் சின்னதாக இருக்கும். 2 லட்சத்துக்கு மாதம் 6,000, வருடம் 72,000, அசல் அப்படியே நிற்கும். மூணு என்பது 36 சதவீதம் என்று அவர் சொல்ல மாட்டார். வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்தும் தேதியில்லாத செக்கும் கேட்பார். கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று எந்தப் பெயரில் வந்தாலும் 2003-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி குற்றம். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது சட்டம் ஞாபகம் வராது, அவர் நம்பர்தான் ஞாபகம் வரும். போனில் வரும் கடன் செயலிகள் இவருடைய பேரன் பேத்திகள்; தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள்.

ஏலச்சீட்டில் ஏற்கெனவே இருப்பவர் இப்போது சீட்டை எடுக்கலாம். 2 லட்சம் சீட்டில் 40,000 தள்ளி எடுத்தால் கையில் 1,60,000. மீதி மாதம் எல்லாம் தவணை தொடரும். பதிவு பெற்ற சீட்டா என்று மட்டும் பாருங்கள்.

கைமாத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். என் சித்தப்பா எண்பதாயிரம் தருகிறேன் என்று தானாகவே சொன்னார், நல்ல மனுஷர். நான்தான் வேண்டாம் என்றேன். அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது மாதம் நிச்சயம் ஆனால் அவரால் கேட்காமல் இருக்க முடியாது, என்னால் கொடுக்கவும் முடியாது. கல்யாண வீட்டில் முகம் பார்க்க முடியாமல் போய்விடும். கைமாத்து வாங்குவதாக இருந்தால், கொடுப்பவருக்கு அந்தப் பணம் எப்போது வேண்டியிருக்கும் என்று நாமே கேட்டு, அந்தத் தேதியை எழுதிக்கொண்டு வாங்க வேண்டும்.

கடைசியில் நாங்கள் செய்தது கலவைதான். பி.எஃப்.-லிருந்து 70,000. மீதி 1,30,000-க்கு வங்கியில் நகைக்கடன், அம்மாவின் வளையலும் என் மனைவியின் ஆரமும், கடன் என் பெயரில். மொத்தமாகக் கட்டியதால் மருத்துவமனை குறைத்த தொகை பிசியோதெரபி செலவில் பாதிக்கு மேல் ஆனது. முதல் மூன்று மாதம் வங்கிக்கு ஒரு பைசா கட்டவில்லை. நாலாவது மாதம் அப்பா வண்டியை எடுத்தார், ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டு. அதிலிருந்து மாதம் எட்டாயிரம், பத்தாயிரம், தீபாவளி போனஸில் பெரிதாக ஒன்று என்று கட்டி, இப்போது 38,000 பாக்கி.

போன வாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார், இடது முட்டியும் லேசாக வலிக்கிறதாம். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல என் வளையல் வரட்டும்" என்றாள்.